திடீர் பிரேக்: பூச்சியம்

தேத்தண்ணீரை ஆறவிடாதீர்கள் சேர். என் மனைவி யூஜினா இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறாள். ஆறிவிட்டால் கஷாயம் குடிக்கிற மாதிரி இருக்கும். படம் எடுப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். பூண்டுலோயாவில் ஜூலை மாதம் இந்த நேரத்துக்குப் பனிமூட்டம் வாசல்வரை வந்துவிடும். இப்போது எடுத்தால் உங்கள் கம்பனிக் கலண்டரில் என் வேனும் தெரியாது, நானும் தெரியமாட்டேன். என் மூஞ்சி தெரியாமல் போவது கலண்டருக்கு நல்லதுதான். ஆனால் கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் மெனக்கெட்டு வந்திருக்கிறீர்கள்.

வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். "கஸ்பர் அண்ணை, உங்கட ரெக்கோட்டில ஒரு பிழையும் இல்லை. முழு மாவட்டத்திலயும் நீங்கள்தான் முதலாம் ஆள்" என்றீர்கள். ஜெயதீபன் என்று பெயர் எழுதிய அட்டையையும் கொடுத்தீர்கள். யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர், அதுவும் கழுத்துப்பட்டி கட்டிய காப்புறுதி அதிகாரி, என்னை அண்ணை என்று கூப்பிடுவார் என என் அப்பன் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அவர் புதுக்காட்டுத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் மண்வெட்டியும் கையுமாகத் தேயிலைக்குள் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டியவர். மகன் கான் வெட்டாமல் வேன் ஓட்டுகிறான் என்பதே அவருக்குப் பெரிய சங்கதி.

நீங்கள் இரண்டு வேலையாக வந்திருக்கிறீர்கள். ஒன்று படம். மற்றது மேசைமேல் இருக்கிற இந்தத் தாள். 'கடந்த மார்ச் இருபத்தெட்டாம் திகதி அழகுமுத்து என்பவர் தேயிலைக்குள்ளிருந்து திடீரென ரோட்டில் பாய்ந்தார். பிரேக் பிடிக்க எனக்கு அவகாசம் இருக்கவில்லை' என்று அதில் அடித்திருக்கிறது. நான் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டால், நாளைக்கு அழகுமுத்துவின் மனைவி சண்முகவடிவு நுவரெலியாவில் உங்கள் அலுவலகத்துக்கு வந்து, பிழை தன் புருஷன்மேல்தான், நட்டஈடு கேட்கமாட்டேன் என்று அவள் பங்குக்குக் கையெழுத்து வைப்பாள். நான் போடாவிட்டால் கம்பனி அவளுக்குக் கட்ட வேண்டிவரும். தாள் நன்றாகத்தான் எழுதியிருக்கிறது. போடுவதற்கு முன்னால் கொஞ்சம் பேச வேண்டும்போல் இருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் பெட்டிதான், ஆனால் அதோடு குடும்பம் நடத்தியவன் நான்.

என் வேன் பழைய டொல்பின். காலையில் தலவாக்கலைக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போவேன், பின்னேரம் கொண்டுவந்து தோட்டம் தோட்டமாக இறக்குவேன், மிச்ச நேரம் வாடகைக்கு. இரண்டாயிரத்து ஐந்தின் கடைசியில் உங்கள் ஆட்கள் தலவாக்கலையில் ஒரு கூட்டம் வைத்தார்கள். சாப்பிட ரோல்ஸ் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினார்கள். அதை ஸ்டியரிங்குக்குக் கீழே பூட்டிக்கொண்டால், என்ன வேகம் போகிறோம், முடக்குகளில் எப்படித் திரும்புகிறோம், எத்தனை தரம் திடீரென்று பிரேக் அடிக்கிறோம், எத்தனை மணிவரை ஓட்டுகிறோம் என்று எல்லாவற்றையும் அது எழுதிக்கொள்ளுமாம். மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் லெப்டொப்போடு வந்து நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போடுவாராம். புள்ளி நன்றாக இருந்தால் அடுத்த வருடக் காப்புறுதிக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிவு. பிழை செய்தால் அந்தக் கணமே பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து 'கீக்' என்று கத்தும்.

மற்ற ஓட்டுநர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டில் ஒருத்தி கத்துவது போதாதா என்று ஒருவன் கேட்டான். நான் கையைத் தூக்கினேன். கழிவுக்காகத்தான் தூக்கினேன் என்று அப்போது நினைத்தேன்.

முதல் மாதம் அறுபத்தொரு புள்ளி வந்தது. உங்களுக்கு அது குறைவாகத் தெரியலாம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் எடுத்த ஆகக்கூடிய புள்ளி பதினெட்டு. அதிலும் இரண்டு, பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியது. என் மனைவியின் அண்ணன் றிச்சர்ட் கொட்டகலையில் ஆசிரியர். ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், கோழிக் காலைக் கடித்துக்கொண்டே, "வேன் ஓட்டுறதுக்கும் மூள வேணும்தானே மச்சான்" என்பார். அதை ஆறுதலாகச் சொல்கிறாரா நக்கலாகச் சொல்கிறாரா என்று பதினாறு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் மாதம் எண்பத்துநான்கு. ஐந்தாம் மாதம் தொண்ணூற்றுமூன்று. அதைச் சட்டம் போட்டு, அதோ, திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். யூஜினா அன்று முழுக்கச் சிரித்தாள். "இயேசப்பாவுக்கே அந்தப் பக்கம் பாத்துப் பாத்து கழுத்து வலிச்சிருக்கும். எடுத்துப் போடுங்க அத" என்றாள். நான் எடுக்கவில்லை. அடுத்த மாதம் தொண்ணூற்றேழு வந்ததும் அதையும் மாட்டினேன். றிச்சர்ட் வந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். அன்று கோழிக்கறியில் பெரிய துண்டை நானே எடுத்து அவர் சோற்றுக் கோப்பையில் போட்டேன்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், பெட்டி என்னை நல்ல ஓட்டுநராக ஆக்கியது. தூரப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். முடக்குக்கு முன்னமே கியரைக் குறைத்து, எஞ்சினிலேயே வண்டியைப் பிடித்து, பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் இறங்குவேன். பின்னால் இருக்கிற பிள்ளைகள் தொட்டிலில் கிடப்பதுபோல் தூங்கிவிடுவார்கள். இதில் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை.

சிக்கல் என்னவென்றால் ரோடு எனக்கு மட்டும் சொந்தமில்லை. ஒருநாள் சந்தைக்குக் கீழே ஒரு கோழி குறுக்கே வந்தது. முன்னைய கஸ்பர் என்றால் கால் தானாகப் பிரேக்கில் ஏறியிருக்கும். இந்தக் கஸ்பர் பெட்டியைப் பார்த்தான். கோழிக்குச் சொந்தக்காரிக்குக் காசு கொடுத்தேன், அவள் காசையும் வாங்கிக் கோழியையும் சமைத்தாள். ஒரு மாதம் கழித்து ஒரு நாய். நாய்க்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை, அதனால் இன்னும் சுலபமாக முடிந்தது.

இரவு பத்துக்கு மேல் ஓட்டினால் புள்ளி குறையும் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே பத்து மணிக்குப் போனை அணைத்துவிடப் பழகினேன். அதற்கு முன்னால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் யாருக்கு வயிற்றுவலி என்றாலும், யாருக்குப் பிள்ளைவலி என்றாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். போனை அணைத்த பிறகு பொன்னையாவின் மருமகள் லயத்துக் காம்பராவிலேயே பெற்றாள். பிள்ளை நன்றாக இருக்கிறது. நானே போய்ப் பார்த்துப் பவுடர் டின் ஒன்று கொடுத்துவிட்டு வந்தேன். அவர்களும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள்.

போன வருடம் செப்டெம்பரில் உங்கள் கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து மார்ச் முப்பத்தோராம் திகதிவரை ஒரு திடீர் பிரேக்கும் இல்லாமல் ஓட்டுபவருக்கு மாவட்டத்தின் சிறந்த சாரதி என்ற சான்றிதழும், கலண்டரில் படமும், அந்த வருடக் காப்புறுதிக் கட்டணத்தில் பாதி கழிவும் என்று இருந்தது. கடிதத்தை யூஜினாவுக்கு வாசித்துக் காட்டினேன். கழிவைப் பற்றிய வரியை வாசித்தேனா என்பது எனக்கு ஞாபகமில்லை. கலண்டர் என்ற வரியை மூன்று தரம் வாசித்ததாக அவள் சொல்கிறாள்.

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் புள்ளிக்கு இப்படி அலைவான் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். அழகுமுத்து சிரித்தான்.

அழகுமுத்துவை உங்களுக்குக் கோப்பில் இருக்கிற பெயராகத்தான் தெரியும். புதுக்காட்டுத் தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். என்னைவிட இரண்டு வயது இளையவன். ஒரே லயத்தில் பிறந்தோம். டவுனுக்கு வருவதென்றால் என் வேனில்தான் வருவான், முன் சீட்டில்தான் இருப்பான், காசு கொடுக்கமாட்டான், காலத்துக்குக் காலம் பேரிக்காய் கொண்டுவந்து டேஷ்போர்டில் வைப்பான். பெட்டிக்குச் சின்னத் தொரை என்று பேர் வைத்ததும் அவன்தான். தோட்டத்தில் சின்னத் தொரை என்றால் மலை மலையாக வந்து நின்று எங்கள் குற்றத்தை எழுதிக்கொண்டு போகிற உதவி முகாமையாளர். ஏறியதும் குனிந்து பெட்டியைப் பார்த்து, "என்னண்ணே, சின்னத் தொரை முழிச்சிக்கிட்டுத்தான் இருக்காரா? நா இருமுனா அதுக்கும் புள்ளி வெட்டுவாரா?" என்பான். நானும் சிரிப்பேன். அவன் வேண்டுமென்றே இருமுவான்.

மார்ச் இருபத்தெட்டாம் திகதிக்கு வருகிறேன். மூன்று நாள்தான் பாக்கி. பின்னேரம் மூன்றரை மணி. கடைசிப் பிள்ளைகளை மேல் டிவிஷனில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு இறங்கிக்கொண்டிருந்தேன். மழை இல்லை. மூட்டம் இல்லை. ரோடு காய்ந்திருந்தது. முந்தின வாரம்தான் பிரேக்குக்குப் புது ஷூ போட்டிருந்தேன். உபயோகப்படுத்தாத பிரேக்குக்கு எதற்குப் புது ஷூ என்று கராஜ்காரன்கூடக் கேட்டான். பெட்டி அப்போது எழுதிய வேகம் நாற்பத்துமூன்று. எல்லாம் உங்கள் தாளில் இருக்கிறது.

ஒன்பதாம் நம்பர் மலைக்குக் கீழே உள்ள முடக்கைத் திரும்பியதும் அழகுமுத்து நடு ரோட்டில் நின்றான். உங்கள் தாளில் பாய்ந்தார் என்று இருக்கிறது. அவன் பாயவில்லை சேர். நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியிருந்தான். எனக்கும் அவனுக்கும் இடையில் நாற்பது யார் தூரம் இருந்தது. அழுத்திப் பிரேக் அடித்திருந்தால் அவனுக்கு முன்னால் வண்டி நின்றிருக்கும். ஒருபக்கம் கான், மறுபக்கம் பள்ளம். ஆனால் கான் பக்கம் ஒடித்திருந்தாலும் ஒரு பம்பரோடு முடிந்திருக்கும். ஒடித்தாலும் பெட்டி கத்தும்.

நான் ஹோர்ன் அடித்தேன். விலகிக்கொள் என்பதற்காக அடித்தேன்.

எங்கள் ரோட்டில் ஒரு பழக்கம் இருக்கிறது, கொழும்பில் இருக்கிறதோ தெரியவில்லை. யாராவது கை காட்டினால், கண்டுகொண்ட ஓட்டுநர் தூரத்திலேயே இரண்டு தரம் சின்னதாக ஹோர்ன் அடிப்பார். கண்டுவிட்டேன், நிறுத்துகிறேன், அங்கேயே நில் என்று அர்த்தம். கை காட்டியவர் கையை இறக்கிவிடுவார். விலகச் சொல்வதென்றால் ஒரே நீட்டாக அடிப்போம். நான் இரண்டு தரம் சின்னதாக அடித்தேன். இருபது வருடக் கைப்பழக்கம் என்று சொல்லலாம்.

அவன் கையை இறக்கினான். விலகவில்லை. ஏறுவதற்குத் தயாராக உள்ளங்கைகளை இடுப்புச் சாரத்தில் துடைத்தான்.

அந்தப் பெட்டி வண்டி குலுங்குவதை அளக்கிறது. ஐம்பது கிலோ மனிதன் ஒருவன் ஒன்றரைத் தொன் வேனைக் குலுக்கப் போதாது. சிவப்பு விளக்கு எரியவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் முதலில் பார்த்தது அதைத்தான். பிறகு கியரைக் குறைத்து, மெல்ல மெல்லப் பிரேக்கைத் தொட்டு, இன்னொரு நாற்பது யார் தள்ளி வண்டியை ஓரமாக நிறுத்தினேன். மிகவும் அழகாக நிறுத்தினேன். பின்னால் பிள்ளைகள் இருந்திருந்தால் விழித்திருக்க மாட்டார்கள்.

இறங்கி ஓடினேன். ஓடுவதைப் பெட்டி எழுதாது. அவனுக்கு உயிர் இருந்தது. பேச்சும் இருந்தது. தூக்கிக்கொண்டுபோய்ப் பின் சீட்டில் கிடத்தினேன். பாரமே இல்லை. என்ன நடந்தது என்று அவனுக்குச் சரியாக விளங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அவன் என்னைத் திட்டவில்லை. "வடிவுக்குக் குளவி கொட்டிருச்சுண்ணே. மூஞ்சியெல்லாம் வீங்கிப்போயி ஒம்பதாம் மலையில கெடக்குறா. ஒங்க வண்டி வர்ற நேரம்னு குறுக்கால ஓடியாந்தேன். வெரசாப் போங்கண்ணே, என்ன எறக்கிட்டு அவளுக்கு வாங்க" என்றான்.

போறேன் முத்து என்றேன். அப்படித்தான் சொன்னேன்.

அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அவசரமென்றால் முப்பது நிமிடம். பெட்டி வருவதற்கு முன்னால் ஒருமுறை இருபத்தேழு நிமிடத்தில் போயிருக்கிறேன், வேறு ஒருவரின் பிள்ளைக்காக. அன்றைக்கு எனக்கு ஐம்பத்தொரு நிமிடம் எடுத்தது. நாற்பத்தைந்துக்கு மேல் போகவில்லை, அந்த ரோட்டுக்குப் பெட்டி கொடுக்கிற எல்லை அது. முன்னால் ஒரு விறகு லொறி ஊர்ந்துகொண்டு போனது. முந்தவில்லை. பதினேழு முடக்கு, ஒன்றில்கூட டயர் சத்தம் போடவில்லை. அடிபட்ட உடம்பு, குலுங்கக்கூடாது என்று மெதுவாகப் போனேன் என நர்ஸிடம் சொன்னேன், பொலிசிடம் சொன்னேன், யூஜினாவிடம் சொன்னேன். எல்லோரும் அது சரிதான் என்றார்கள். நானும் ஏறக்குறைய நம்பிவிட்டேன்.

வந்துட்டமாண்ணே என்று மூன்று தரம் கேட்டான். நான்காவது தரம் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவசரப்பட ஒரு காரணமும் இல்லை.

டாக்டர் சிங்களத்தில் பேசினார். ஒரு கால் மணி நேரம் முந்தி வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் தோளைத் தட்டிக் கொடுத்தார். நல்ல மனிதர்.

வடிவைத் தோட்டத்து லொறியில் கொண்டுவந்தார்கள், இரண்டு மணி நேரம் பிந்தி. பதினொரு நாள் வார்டில் இருந்தாள். புருஷனை அடக்கம் செய்ததை அவள் பார்க்கவில்லை. அவள் வலது கை இன்னமும் சரியாக மடங்குவதில்லை. கொழுந்து கிள்ள முடியாத கைக்குத் தோட்டத்தில் பேர் விழாது, பேர் விழாவிட்டால் நாட்சம்பளம் கிடையாது. மகள் செல்வமலர் டிசெம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவள், இப்போது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு வீட்டு வேலைக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். நட்டஈடு வந்தால் அந்தப் பிள்ளை படிக்கும். இதையெல்லாம் நான் தெரிந்துதான் பேசுகிறேன்.

மார்ச் மாதத் தாள் ஏப்ரல் இரண்டாம் திகதி வந்தது. வேகம் மீறியது: பூச்சியம். திடீர் பிரேக்: பூச்சியம். மொத்தம் நூற்றுக்கு நூறு. மரண விசாரணையில் உங்கள் கம்பனிக்காரர் ஒருவர் அதை உயர்த்திப் பிடித்துக் காட்டினார். ஆளைக் கண்டிருந்தால் எந்த மனிதனும் பிரேக் அடித்திருப்பான், இவர் அடிக்கவே இல்லை, ஆகவே இவர் ஆளைக் காணவே இல்லை, ஆகவே அந்த ஆள் திடீரென்றுதான் பாய்ந்திருக்க வேண்டும் என்று விளக்கினார். எவ்வளவு ஒழுங்கான தர்க்கம் பாருங்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே, ஆமாம், அப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. அப்படியா என்று கேட்டார்கள். தலையாட்டினேன். என் ஆயுளில் ஒரு பரீட்சைத் தாள் என் பக்கம் பேசியது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு கோயில் சுவாமியிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளப் பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். சுவாமி காத்திருந்தார். யூஜினாவிடம் இரண்டு முறை கோபப்பட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். ஐந்து சொன்னேன், கூட இரண்டு இருக்கட்டும் என்று.

போன ஞாயிறு வடிவு இங்கே வந்தாள். இப்போது நீங்கள் இருக்கிற அதே கதிரையில்தான் இருந்தாள். உங்கள் கம்பனி அனுப்பிய கடிதத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தாள். "கையெழுத்து வைக்கச் சொல்றாங்கண்ணே. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அவரு அப்புடிக் கண்ண மூடிக்கிட்டுப் பாயிற ஆளு இல்ல. வேற யாரு வண்டியா இருந்தாலும் நா விட்டிருக்க மாட்டேன், கோர்ட்டு வரைக்கும் போயிருப்பேன். நீங்கங்கிறதாலதான் வாயத் தொறக்கல. நீங்களே சொல்லுங்க, வைக்கவா?" என்றாள். யூஜினா கதவோரம் நின்று கண்ணைத் துடைத்தாள். நான் கடிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்திருக்கிறேனா என்று பார்த்து, நிமிர்த்தி வாசித்துவிட்டு, வையி தங்கச்சி என்றேன். அவள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

யூஜினா பின்னால் குசினியில் இருக்கிறாள், இங்கே பேசுவது அவளுக்குக் கேட்காது. இனி, நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரு பிரேக்கை மிச்சம் பிடிக்கத்தான் நான் அவனை அடித்தேன் என்று இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டு வந்தேன். அது அவ்வளவு சரியில்லை. நாற்பது யாரில் அவன் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அது லிஃப்ட் கேட்கிற முகம் இல்லை. யாருக்கோ உயிர் போகிறது என்று தெரிந்துவிட்டது. நிறுத்தினால் என்ன நடக்கும் என்றும் தெரிந்துவிட்டது. யாரையோ ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் தலைதெறிக்க ஓட வேண்டும். பிரேக் அடித்தால் ஒரு கீக். நிறுத்தி ஏற்றினால் பதினேழு முடக்கிலும் கீக், வழி நெடுகக் கீக். ஆறு மாதமும் மண்ணாகிப் போகும். கணக்கில் பதினெட்டுக்கு மேல் எடுக்காத மண்டை, அந்த மூன்று விநாடியில் இந்தக் கணக்கை மட்டும் ஒரு பிழையில்லாமல் போட்டது. அவன் விலகியிருந்தால் காணாதவன்போல் போயிருப்பேன். இரண்டு தரம் ஹோர்ன் அடித்தது கைப்பழக்கம் இல்லை. நிறுத்துகிறேன் என்று அவனுக்குச் சொன்னேன். சொல்லிவிட்டுக் காலை ஆக்ஸிலேட்டர்மேல் அப்படியே வைத்திருந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், சும்மா போக வெட்கமாக இருந்தது.

ஆகவே கொன்றது நான்தான். வேனும் இல்லை, பெட்டியும் இல்லை. ரோட்டில் ஒருமுறை, பின் சீட்டில் ஒருமுறை.

நீங்கள் எழுதுவதை நிறுத்தி வெகுநேரமாகிவிட்டது சேர். பேனாவை மூடிப் பையிலும் வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, நான் அதை எதிர்பார்த்தேன். இதைச் சுவாமியிடம் சொன்னால் போய் வடிவிடம் சொல் என்பார். பொலிசில் சொன்னால் எழுதிக்கொள்வார்கள். யூஜினாவிடம் சொன்னால் இந்த வீட்டில் எனக்குச் சோறு கிடையாது. இந்த உலகத்தில் இதைக் கேட்டுவிட்டு எழுதாமல் இருக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். எழுதினால் உங்கள் கம்பனிதானே கட்ட வேண்டும். நான் படிக்காதவன்தான், ஆனால் ஆளைப் பார்த்துத்தான் வாயைத் திறப்பேன். எனக்கு இப்போது மனசு எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா. நாலு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிடப்போகிறேன். நீங்களும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

அந்தப் பேனாவைக் கொஞ்சம் கொடுங்கள். இந்தக் கோட்டின்மேல்தானே? திகதியும் போட வேண்டுமா? போட்டாயிற்று.

மூட்டம் கொஞ்சம் கலைகிறது, வாருங்கள், படத்தை எடுத்துவிடலாம். வேனுக்குப் பக்கத்தில் நிற்கவா, உள்ளே இருக்கவா? கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொள்கிறேன், அப்போதுதான் சாரதி மாதிரித் தெரியும். நாளைக்கு அலுவலகத்தில் வடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, ஒன்பதரைக்கெல்லாம் அவளையும் மகளையும் நானே கொண்டுவந்து விடுகிறேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க அந்தக் கையால் முடியாது. காசும் வாங்கமாட்டேன். நானே கூட்டிப் போகிறேன் என்றதும் அவளுக்கு எவ்வளவு நிம்மதி என்கிறீர்கள். அவள் பயப்பட ஒன்றுமில்லை சேர். இத்தனை வருடத்தில் என் வண்டிக்குள் ஏறிய ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.